ஒன்றுமில்லை

டிசம்பர் மாதத்து ஹாமர்ஃபெஸ்டில்
விடிவது என்பது பேச்சுக்குத்தான்.
நண்பகலில் கடல்மேல் ஒரு நீலம் வரும், போகும்.
மற்றதெல்லாம் இரவுப் பணி.

ஒரு திரை, ஒரு ஹெட்போன், ஆறிய காபி.
சிவப்பு என்றால் இப்போதே,
மஞ்சள் என்றால் விடிந்ததும்,
பச்சை என்றால் பொறுக்கலாம்.
நாடி பிடிக்க முடியாது,
நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க முடியாது.
எனக்குக் கிடைப்பது குரல் மட்டும்.

இந்தக் கரையோரத்து ஆட்கள்
"ஒன்றுமில்லை" என்றுதான் தொடங்குவார்கள்.
கோடரி காலில் இறங்கியவனுக்கும் ஒன்றுமில்லை,
இரண்டு நாள் மூக்கொழுகியவனுக்கும் ஒன்றுமில்லை.
சொல் ஒன்றுதான், எடைதான் வேறு.
நிறுத்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு தாய்:
"மகள் நாய் மாதிரி இருமுகிறாள்,
ஆம்புலன்ஸ் அனுப்புங்கள்."
போனை அவள் வாயருகே வையுங்கள் என்றேன்.
குரைப்பு. நடுவே அழுகை,
நல்ல கோபமான அழுகை.
அழுவதற்கு மூச்சு மிச்சமிருக்கிறது.
எச்சில் ஒழுகுகிறதா? இல்லை.
மூச்சிழுக்கையில் விலாவிடையில் குழி விழுகிறதா?
சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை.
கம்பளியில் சுற்றி வாசலுக்குத் தூக்கிப் போங்கள்,
மருந்து வெளியே இருக்கிறது,
மைனஸ் ஒன்பது, இலவசம்.
பத்து நிமிடம் மூன்று பேரும் குளிரைச் சுவாசித்தோம்.
இருமல் தளர்ந்தது.
"வானத்தைக் காட்டுகிறாள்," என்றாள் தாய்,
"பச்சைப்பசேலென்று ஆடுகிறது."
என் திரையில் மஞ்சள் என்றேன்,
காலையில் மருத்துவரிடம் காட்டுங்கள்,
மூச்சுத் திணறினால் அந்த நொடியே அழையுங்கள்.

மூன்று மணிக்கு ஐலிஃப்.
ஹாவொய்சுண்டில் தனியாள், நண்டு பிடிக்கிறவர்.
"ஒன்றுமில்லை. பல் மருத்துவர் எண் வேண்டும்."
எந்தப் பல்?
நாக்கால் தேடும் சத்தம் கேட்டது.
"எல்லாமே. கீழ்வரிசை. தாடையே என்று வையுங்களேன்."
எப்போது வரும்?
"மாடி ஏறினால். உட்கார்ந்தால் போய்விடும்.
இன்று போகவில்லை."
வியர்க்கிறதா?
"அடுப்பு அணைந்து கிடக்கிறது,
சட்டை நனைந்திருக்கிறது. வேடிக்கைதான்."
அந்த ஒரு வரியை
மூன்று மூச்சாக உடைத்துச் சொன்னார்.

தராசுத் தட்டு தரையில் இடித்தது.

"பல்வலிக்கு ஆம்புலன்ஸா? ஊர் சிரிக்கும்."
சிரிக்கட்டும், ஐலிஃப்.
தாழ்ப்பாளை நீக்கிவிட்டு அங்கேயே உட்காருங்கள்.
ஆஸ்பிரின் இருக்கிறதா? ஒத்துக்கொள்ளுமா?
மென்று விழுங்குங்கள்.
"பல் வலிக்கிறவனை மெல்லச் சொல்கிறீர்களே."

புயலில் சாலை மூடியிருந்தது.
பனி அள்ளும் வண்டி முன்னே,
ஆம்புலன்ஸ் பின்னே, நாற்பது நிமிடம்.
படகின் பெயரைக் கேட்டேன்.
பிரிந்துபோன மனைவியின் பெயராம்,
பெயிண்ட் விலை கூடுதல், மாற்றவில்லையாம்.
நான் கதை கேட்கவில்லை.
சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே
எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டிருந்தேன்.

போன நவம்பரில் ஒரு பெண்
வயிற்றெரிச்சல், ஒன்றுமில்லை என்றாள்.
பச்சை கொடுத்தேன்.
ஹெட்போன் மாட்டும்போதெல்லாம்
இடது காதில் அவள் இருக்கிறாள்.

கனத்த பூட்ஸ் சத்தம். வேறொரு குரல்:
"ஆளைப் பிடித்துவிட்டோம்."
துண்டிப்பு.
கடைசிப் பக்கம் எங்கள் கைக்கு வராது.
ஐலிஃப் என்ன ஆனார் என்று
நான் யாரை அழைத்துக் கேட்பேன்?

காபியைச் சூடாக்க எழும்போது
அடுத்த விளக்கு மினுங்கியது.
"நான் சாகப்போகிறேன்!"
தெற்கிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்,
கட்டைவிரலில் முள்.
வீக்கம், காய்ச்சல், சிவந்த கோடு,
ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
மறுபடியும் ஒருமுறை கேட்டேன்.
பச்சை, தூங்குங்கள் என்றேன்.

சட்டென்று நம்பிவிட்டார்.
எனக்குப் பயமாக இருப்பது
அதுதான்.